கூடத்தின் நடுவே இரண்டு கதவுகள்

என் மச்சான் சபாநாயகம் குளித்துவிட்டு வந்தார். ஈரத் துண்டை நன்றாக உதறினார். கூடத்தைச் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு நேராகப் போய், என்னுடைய இடப்பக்கத்து ஸ்பீக்கரின் தலைமேல் அதை விரித்துப் போட்டு, சுருக்கம் விழாமல் இரண்டு முனைகளையும் இழுத்துவிட்டார்.

நான் போட்ட கூச்சலில் அடுக்களையில் இருந்த சிவகாமி கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

சிவகாமி என் மனைவி. சபாநாயகம் அவளுடைய தம்பி, சிதம்பரத்துக்காரர். ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவர். வந்தவர்களிடமெல்லாம் “சத்தம் போடாதீங்க” என்று சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவர். அவரிடம் போய் நான் கத்தினேன்.

“என்னா மாமா, இது துணி காயப்போடுற ஸ்டாண்டு இல்லியா?”

“ஸ்பீக்கர் மச்சான்! ஸ்பீக்கர்!”

“பொட்டி எங்க?”

“பொட்டியே கிடையாது. இதான் ஸ்பீக்கர்.”

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கவாட்டில் குனிந்து ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கண்ணால் பார்த்தார்.

“பின்னாடியும் ஒண்ணும் இல்ல மாமா. ஒரு பல்லிதான் இருக்குது.”

பல்லி உள்ளே போய்விட்டால்? உள்ளே இருப்பது தாள் மாதிரி மெல்லிய படலம். பல்லி அதன்மேல் நடந்தால் பாட்டுக்கு நடுவில் அதன் காலடி கேட்குமா? இந்தக் கவலையிலேயே அன்று காலை இட்லியில் இரண்டு குறைந்துவிட்டது. ஆறு தின்கிறவன் நாலோடு எழுந்துவிட்டேன்.

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. மச்சான் முதல் பஸ்ஸைப் பிடித்துக் கடலூருக்கு வந்திருந்தது விருந்துக்கு அல்ல. மறுநாள் என்னைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போய், அவர் தெருவில் இருக்கும் காது டாக்டரிடம் ஒப்படைப்பதற்கு. ஏற்பாடு அவருடைய அக்காவுடையது.

குட்டியானையில் வந்தவை

பேனல் ஸ்பீக்கரைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஸ்பீக்கர் என்றால் ஒரு மரப்பெட்டி, அதற்குள் வட்டமாக ஒரு கூம்பு. இதில் பெட்டியும் இல்லை, கூம்பும் இல்லை. ஆறடி உயரம், ஒன்றரை அடி அகலம், இரண்டு விரல் கனம். ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதில் ஒட்டிய மயிரிழைக் கம்பிகள், பக்கத்தில் காந்தப் பட்டைகள், எல்லாவற்றையும் மூடி ஒரு துணி. அவ்வளவுதான். படலம் முழுவதும் அதிரும். குரல் பொந்துக்குள்ளிருந்து வருவது போல வராது. ஆள் உயரத்துக்கு, ஆள் நிற்கிற மாதிரியே வரும். முன்பக்கம் எவ்வளவு சத்தம் வருமோ அதே அளவு பின்பக்கமும் வரும்.

இந்தக் கடைசி வாக்கியத்தை மறந்ததால்தான் நான் அவ்வளவு அவதிப்பட்டேன்.

புதுச்சேரியில் எனக்கு ஒரு பல் டாக்டர் நண்பர். மகளோடு இருக்கக் கனடாவுக்குக் கிளம்பினார். வீட்டில் இருந்ததையெல்லாம் விற்றார். இந்த இரண்டை மட்டும் விற்க மனசு வரவில்லை. “கேக்குற ஆளு நீதான். எடுத்துட்டுப் போ” என்றார். நான் என் பற்களை அவரிடம் கொடுத்ததற்கு அவர் எனக்குக் காதுக்குக் கொடுத்தார் என்று சிவகாமி சொல்வாள். கொடுத்த பற்கள் ஏழு.

குட்டியானை லாரியில் கம்பளி போர்த்தி, கயிறு கட்டி வந்து இறங்கின. எங்கள் தெருவில் இஸ்திரி போடும் முருகையன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து ஒரு முனையைப் பிடித்தான்.

“கதவு மாத்துறீங்களா சார்? தேக்கா?”

“ஸ்பீக்கர்ப்பா.”

“ஓ. அப்ப கதவு தனியா வருதா?”

கம்பளியைப் பிரிக்கும்போது டாக்டர் போனில் ஒன்று சொன்னார். “செவுத்த விட்டுத் தள்ளி வைங்க, மறந்துடாதீங்க.” நான் மறக்கவில்லை. கடலோர ஊர்க்காரன் எனக்கா தெரியாது? மழைக்காலத்தில் எங்கள் சுவர்கள் வியர்க்கும். உப்புக்காற்றில் பீரோவின் முதுகு துருப்பிடிக்கும். அதனால் நாங்கள் பீரோ, பிரிட்ஜ், கட்டில் எல்லாவற்றையும் சுவரிலிருந்து ஒரு விரற்கடை தள்ளித்தான் வைப்போம். இவற்றையும் அப்படியே ஒரு விரற்கடை தள்ளி வைத்தேன். ஸ்கேல் வைத்துச் சரிபார்த்தேன்.

காதா, ஸ்பீக்கரா?

முதல் நாள் போட்டுக் கேட்டபோதே எனக்குத் திக்கென்றது.

ஒரு பாடகி பாடிய விருத்தம். மிருதங்கம் கிடையாது. தம்புரா, வயலின், குரல். குரல் இருந்தது, சொல் இல்லை. யாரோ வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பாடுவது போல இருந்தது. நீளமாக இழுக்கும் இடங்களில் குரல் நடுங்கியது. டாக்டர் வீட்டில் இதே ஸ்பீக்கரில் இதே விருத்தத்தைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் விட்டிருக்கிறேன். ஸ்பீக்கர் மாறவில்லை, பாட்டு மாறவில்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான். அது என் தலையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் எண்ணுகிற ஆள் என்பது இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்குத் தெரியும். நெல்லிக்குப்பத்தில் ஆலை ஸ்டோர்ஸில் அதிகாரியாக இருந்து, போல்ட்டும் நட்டும் பேரிங்கும் எண்ணியே நரைத்தவன். கல்யாண வீட்டில் இலையை எண்ணுவேன். பஸ்ஸில் ஏறினால் ஜன்னலை எண்ணுவேன். போன அத்தியாயத்தில் ஆலை வாசலில் நின்ற கரும்பு வண்டிகளின் எண்ணிக்கையை எழுதியிருந்தேன். புவனகிரியிலிருந்து ஒரு வாசகர் போன் செய்து, அவ்வளவு வண்டி அந்த ரோட்டில் நிற்க முடியாது என்றார். நின்றது ஐயா. இரண்டு வரிசையாக நின்றது.

என் வழக்கமே எனக்கு எதிராகத் திரும்பியது. சிவகாமி டி.வி. ரிமோட்டைத் தூக்கிக் காட்டினாள்.

“நீங்கதான் எல்லாத்தையும் எண்ணுற ஆளாச்சே. முன்ன பதினெட்டுல வச்சிக் கேட்டீங்க. இப்ப முப்பத்திநாலுல வைக்கிறீங்க. நடுவுல இருக்குற பதினாறு எங்க போச்சு?”

“டி.வி. பழசாயிட்டுது.”

“டி.வி. மட்டுமா?”

நான் அப்போது சிரித்து மழுப்பினேன். உள்ளுக்குள் பயம். எனக்குக் கண்ணாடி இரண்டு முறை மாறியிருக்கிறது, அதற்குக் கவலைப்பட்டதில்லை. முழங்கால் போனது, கவலைப்பட்டதில்லை. காது அப்படி இல்லை. ஆலையில் நாளெல்லாம் இரும்புச் சத்தம். வீட்டுக்கு வந்து ஒரு குரலைக் கேட்டால்தான் எனக்கு நாள் முடியும். அது போய்விட்டால் பிறகு எண்ணுவதற்கு மட்டும்தான் நான் லாயக்கு. காது டாக்டர் அதை ஒரு கிராஃப் பேப்பரில் கோடு போட்டுக் காட்டிவிடுவார் என்பதுதான் பயம். அதனால் பழியை ஸ்பீக்கர் மேல் போட்டேன். ஒயரை மாற்றினேன். ஆம்ப்ளிஃபையரை மாற்றினேன். துணியைப் பிரஷ் போட்டுத் தூசி தட்டினேன். வெற்றிலை வாயிலேயே இருந்தது.

சிவகாமி தீர்ப்புச் சொன்னாள். “திங்கக்கிழமை டாக்டருகிட்ட போறோம். காதுதான்னு அவரு சொல்லிட்டா, இந்த ரெண்டு பலகையும் சபா வீட்டு மாடிக்குப் போவுது. ஹால் எனக்கு வேணும்.”

வெற்றிலை வாய்

ஆக, துண்டு அகற்றப்பட்டு, பல்லி விரட்டப்பட்ட பிறகு, நான் மச்சானைக் கூடத்தில் இருக்கும் என் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தேன்.

“பாட்டுப் போடுறேன். என்னா பாடுறாங்கன்னு சொல்லுங்க.”

“நீங்க சொல்லலாமே?”

“எனக்குத் தெரியணும்னு உங்களைக் கேக்கல. உங்களுக்குத் தெரியுதான்னு தெரியணும்.”

விருத்தம் ஓடியது. மச்சான் நூலகத்து முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார். புருவம் ஏறியது. தலையை இடப்பக்கம் சாய்த்தார், வலப்பக்கம் சாய்த்தார். முடிந்ததும் மெதுவாகக் கேட்டார்.

“என்னா பாஷை மாமா இது?”

நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்! எழுபது தாண்டிய இரண்டு பேர், ஒருவன் வேட்டியோடு, இன்னொருவர் தோளில் ஈரத் துண்டோடு, கூடத்தில் குதித்தோம். அவர் எதற்கென்று தெரியாமலே குதித்தார்.

“சிவகாமி! மச்சானுக்கும் புரியல! மச்சானுக்கும் புரியல!”

அவள் அடுக்களை வாசலில் வந்து நின்று எங்களைப் பார்த்தாள்.

“அப்ப ரெண்டு பேருக்கும் சேத்தே டோக்கன் போடச் சொல்றேன்” என்றாள். உள்ளே போய்விட்டாள்.

குதித்த சந்தோஷத்தில் பாதி இறங்கிவிட்டது.

கீழவீதியில் ஒரு காலை

“உங்களுக்கு எப்பிடிக் கேக்கணும் மாமா? அதைச் சொல்லுங்க மொதல்ல” என்றார் மச்சான்.

அது சுலபம். கல்யாணமான புதிதில் ஒருமுறை சிதம்பரத்தில் மாமனார் வீட்டில் தங்கியிருந்தேன். கீழவீதி. காலையில் கோயிலுக்குப் போனேன். பிராகாரத்தில் ஒரு பெரியவர் நின்று பாடிக்கொண்டிருந்தார். மைக் கிடையாது. ஜனங்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கற்பூர வாசனை, ஈரக் கல், புறா. நான் தூண்களை எண்ணிக்கொண்டே போனவன் அவர் குரல் கேட்டு எண்ணிக்கையை விட்டுவிட்டேன். அது என் வாழ்க்கையில் அபூர்வம். வெகு தூரத்தில் நின்றேன். ஒவ்வொரு சொல்லும் கையில் எடுத்துக் கொடுத்த மாதிரி வந்தது. அவர் உதடு பிரியும் சத்தம்கூடக் கேட்டது என்று சொன்னால் சிவகாமி நம்பமாட்டாள்.

இதை மச்சானிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே ஸ்பீக்கரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

“அவரு செவுத்துல முதுகை ஒட்டிக்கிட்டா பாடினாரு?”

“இல்ல. நடுவுல நின்னு.”

“பின்ன இதுங்களை மட்டும் ஏன் முட்டி போட வச்ச பசங்க மாதிரி செவுத்தோரம் நிறுத்தி வச்சிருக்கீங்க?”

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பின்பக்கமும் அதே அளவு சத்தம்! அது ஒரு விரற்கடை போய்ச் சுவரில் மோதித் திரும்பி வந்து, முன்னால் போகிற சொல்லின் குதிகாலை மிதிக்கிறது. ஒவ்வொரு சொல்லும் அதன் நிழலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. பல் டாக்டர் “தள்ளி வைங்க” என்றது துருவுக்காக அல்ல.

நம் வீடுகளில் நடுவில் எதை வைக்கிறோம்? ஒன்றும் கிடையாது. என் வீட்டுக் கூடத்தில் சுவரோரமாக நின்ற பொருள்கள் பதினொன்று. நடுவில் இருந்தது அந்த ஒற்றைச் சாய்வு நாற்காலிதான், அதையும் சிவகாமி தினம் ஓரமாகத் தள்ளிவிடுவாள். நடு என்பது நடப்பதற்கு, இலை போட்டுச் சாப்பிடுவதற்கு, பாய் விரித்துப் படுப்பதற்கு. நடுக்கூடத்தில் ஒரு பொருளை வைக்க என் கைக்கு வரவே இல்லை.

டைல்ஸ் கணக்கு

எங்கள் கூடம் நீளத்தில் இருபத்திரண்டு டைல்ஸ், அகலத்தில் பதின்மூன்று. ஒரு டைல்ஸ் ஓர் அடி.

மச்சான் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்தார். நான் ஒரு டைல்ஸ் முன்னால் இழுத்தேன். வலதை இழுத்து, இடதை இழுத்து, பாட்டைப் போட்டேன்.

“வெத்தலை இருக்குது” என்றார்.

இரண்டு டைல்ஸ். “பாக்கு மட்டும் இருக்குது.”

மூன்று. “கொப்பளிச்சிட்டாங்க. ஆனா ரவையூண்டு மிச்சம் இருக்குது.”

ஐந்தாவது டைல்ஸில் அவர் கண்ணைத் திறந்தார். எனக்கே கேட்டது. சொற்கள் ஒவ்வொன்றாக, நடுவில் இடம் விட்டு, வரிசையில் நிற்கிற குழந்தைகள் மாதிரி வந்து நின்றன. பாடுகிறவர் இரண்டு பலகைகளிலும் இல்லை. நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில், பூஜை அறைக் கதவுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றார். இரண்டையும் நாற்காலியைப் பார்த்துக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பினேன். பாடகி இன்னும் ஓரடி முன்னால் வந்தார். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டேன். அந்நியப் பெண்மணி எதிரில் நிற்கும்போது மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பது அழகில்லை.

சிவகாமி பூஜை அறைக்குத் தட்டோடு வந்தாள். நின்றாள்.

“என்னாங்க இது?”

“ஸ்பீக்கர் இப்பதான் அது எடத்துல நிக்குது.”

“ஹால் நடுவுல ரெண்டு கதவு நிக்குது. எந்த வீட்டுக்குப் போவுது இது?”

“ஐஞ்சு அடி சிவகாமி. ஐஞ்சே அடி.”

“சுத்திக்கிட்டுப் போறதுக்கு நான் என்னா தேரா?” என்று கேட்டுவிட்டு, சுற்றிக்கொண்டுதான் போனாள்.

வெற்றி பாதிதான். சொல் கிடைத்துவிட்டது. ஆனால் குரல் நீளும் இடங்களில் அந்த நடுக்கம் இருந்தது. வேகமான, மெல்லிய நடுக்கம். தண்ணீரில் தெரியும் விளக்கு மாதிரி.

“மச்சான், குரல் நடுங்குது இல்ல?”

“அது கமகம் மாமா.”

“கமகம் எனக்குத் தெரியாதா? வயலினும் நடுங்குது, தம்புராவும் நடுங்குது.”

அவர் கேட்டார். “எனக்கு நல்லாத்தான் இருக்குது” என்றார்.

இதுதான் மோசம். சொல் புரியாதது இரண்டு பேருக்கும் பொது. இந்த நடுக்கம் எனக்கு மட்டும். அப்படியென்றால் அது கூடத்தில் இல்லை. என்னிடம் இருக்கிறது. நாற்காலிக்கு மேலே விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் வந்தார். சர்ச் முடிந்து, மகன் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர். வாசலில் செருப்பைக் கழற்றியவர், கூடத்தின் நடுவே துணி மூடி நின்ற இரண்டு மறைப்புகளைப் பார்த்தார். முகம் மாறியது. அடி மேல் அடி வைத்து என் பக்கத்தில் வந்து, வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ கேட்டார்.

“என்னா டீச்சர்?”

மறுபடியும் கேட்டார். எனக்குக் காற்றுதான் வந்தது. நான் பத்திரிகையைப் பார்த்து, “ரொம்ப சந்தோசம்” என்றேன்.

டீச்சர் அதிர்ந்துபோய்ச் சிவகாமியைப் பார்த்தார். சிவகாமி தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

“உள்ள யாருக்கு ஒடம்பு முடியல, யாரு படுத்திருக்காங்கன்னு கேக்குறாங்க. நீங்க ரொம்ப சந்தோசம்னு சொல்றீங்க!”

டீச்சர் ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, கட்டிலும் இல்லை, ஆளும் இல்லை என்று தெரிந்ததும் சிரித்த சிரிப்பு தெரு முனை வரை போயிருக்கும். அது எனக்கு நன்றாகக் கேட்டது. அவர் போனதும் சிவகாமி சிரிக்கவில்லை.

“பாத்தியா சபா? காதுகிட்ட வந்து ரெண்டு தடவை கேட்டாங்க. ஒண்ணும் விழல. நீ காலையில மொத பஸ்ஸுக்கே கூட்டிட்டுப் போயிடு.”

மச்சான் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

கரண்ட் போனது

சாப்பாடு ஆனது. மத்தியான வெயில். கடைசியாக ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று விருத்தத்தைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். உண்மையைச் சொன்னால், விடைபெற்றுக்கொள்கிற மனநிலையில்தான் இருந்தேன்.

கரண்ட் போனது.

பாட்டு நிற்கவில்லை. எங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் இரண்டு லைட்டும் டி.வி. பிளக்கும்தான் இணைப்பு. கூடத்து விசிறிக்குக் கிடையாது. எலக்ட்ரீஷியன் ஒன்றைத்தான் கொடுக்க முடியும் என்றபோது சிவகாமி, “பேன் இல்லன்னா விசிறிக்குவேன், சீரியல் பாதியில போனா யாரு வந்து கதை சொல்லுவா?” என்று முடிவு செய்திருந்தாள். நான் ஆம்ப்ளிஃபையரைச் செருகியிருந்தது அந்த டி.வி. பிளக்கில்.

விசிறி மெதுவாகத் தளர்ந்தது. பாடகி ஒரு நீளமான இடத்தைப் பிடித்திருந்தார். அந்த நடுக்கம்... அதுவும் தளர்ந்தது! விசிறியின் மூன்று இறக்கைகள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தபோது நடுக்கமும் ஒவ்வொன்றாக எண்ணும்படி ஆனது. விசிறி நின்றது. நடுக்கம் நின்றது. குரல் ஒரே கோடாக, எண்ணெய் ஒழுகுகிற மாதிரி, கூடம் முழுக்க நின்றது.

நான் எழுந்து நின்றேன். மேலே பார்த்தேன்.

“மச்சான்! பேனு! பேனு!”

“கரண்ட் இல்ல மாமா. வந்துடும்.”

“வரக்கூடாது!”

சின்ன வயதில் ஓடுகிற டேபிள் ஃபேன் முன்னால் வாயை வைத்து “ஆ” என்று கத்தியிருக்கிறீர்கள் அல்லவா? குரல் துண்டு துண்டாகத் திரும்பி வருமே, அதேதான். ஆறடிப் பலகையிலிருந்து எழும் சத்தம் என் தலைக்கு மேலே இருக்கும் விசிறியில் வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு என்மேல் கொட்டியிருக்கிறது. மச்சான் இப்போது வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தார், காலையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது கமகம் என்று நினைத்துக்கொண்டார். கடலூரில் சித்திரையில் விசிறி இல்லாமல் யார் பாட்டுக் கேட்பார்கள்? அது ஓடுகிறது என்பதே நமக்குத் தெரியாது. சுவர் மாதிரி, அது வீட்டில் ஒன்று.

கரண்ட் வந்தது. விசிறி சுற்றியது. பாடகிக்குக் குளிர் ஜுரம் வந்தது. மச்சானை நாற்காலியில் தள்ளிவிட்டு நான் ஸ்விட்ச்சுக்கு ஓடினேன். நிறுத்தினேன், ஜுரம் விட்டது. போட்டேன், வந்தது. ரெகுலேட்டரில் ஒன்று வைத்தேன், ஆடி ஆடி வந்தது. ஐந்து வைத்தேன், பல் கிட்டியது.

“ஆமா மாமா! ஆமா மாமா!” என்று மச்சான் நாற்காலியின் கையைத் தட்டினார். “இன்னொரு தடவை நிறுத்துங்க! போடுங்க! தோ, தோ, நடுங்குது பாருங்க!”

இந்த விளையாட்டில் எத்தனை முறை ஸ்விட்ச்சைத் தட்டினேன் என்று எண்ணவில்லை. எண்ணாமல் விட்டது இது இரண்டாவது தடவை.

மூச்சு

சத்தம் கேட்டுச் சிவகாமி தூக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். விசிறியைப் பற்றி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவள் நம்பவில்லை என்று சொல்லமுடியாது. ஆனால் இளகவில்லை.

“பாட்டு கேக்குறது வேற, மனுசங்க பேசுறது கேக்குறது வேற. டீச்சர் சொன்னது விழலியே?”

“அப்பவும் பேன் ஓடிச்சு.”

“ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. சரி, போடுங்க, என்னாதான் இருக்குதுன்னு நானும் கேக்குறேன். இத்தினி மாசமா இந்தப் பலகைக்கு முன்னாடி நான் உக்காந்ததே இல்ல.”

விசிறியை நிறுத்தினோம். அவள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். மச்சான் ஸ்விட்ச்சுக்குக் காவல்.

விருத்தம் தொடங்கியது. கூடத்தில் காற்றே இல்லை. நெற்றியிலிருந்து வியர்வை இறங்கி மூக்கு நுனியில் நின்றது, துடைக்கவில்லை. எங்கோ அணில் கத்தியது. கடிகாரம் கேட்டது. அந்தக் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பாடகி ஒரு வரியை முடித்து மூச்சு எடுத்தார். அந்த மூச்சு கேட்டது. மெல்ல, மூக்கு வழியாக. எனக்குச் சிலிர்த்துவிட்டது. பிறகு என் வழக்கம் என்னை விடுமா? எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

முடிந்தது. நான்தான் சொன்னேன்.

“பன்னெண்டு.”

“என்னா பன்னெண்டு?” என்றாள் சிவகாமி.

“அவுங்க மூச்சு எடுத்தது. பன்னெண்டு தடவை.”

“சும்மா அடிச்சு விடுறாரு பாரு சபா. கேக்குதாம் மூச்சு.”

மச்சான் நியாயஸ்தர். “இரு அக்கா, மறுபடியும் போட்டுப் பாத்துடலாம். நான் எண்ணுறேன். மாமாவும் எண்ணட்டும். வாயால சொல்லக்கூடாது. வெரலை மடக்கணும், பத்து முடிஞ்சா மறுபடி மொத வெரல்லேருந்து.”

மறுபடியும் போட்டோம். சிவகாமி அசையாமல் உட்கார்ந்து எங்கள் இருவரின் விரல்களையும் பார்த்தாள். முடிந்தது. மச்சான் பதினொன்று. என் விரல்களைப் பார்த்தேன். பதினொன்று.

எனக்கு முகம் தொங்கிவிட்டது. ஆலையில் ஸ்டாக்கில் ஒரு வாஷர் குறைந்தால்கூட மறுபடி எண்ணாமல் வீட்டுக்கு வந்ததில்லை. இல்லாத மூச்சு ஒன்று எனக்குக் கேட்டிருக்கிறது. கேட்காதது ஒரு வியாதி என்றால், இல்லாதது கேட்பது அதைவிடப் பெரிய வியாதி.

“மாமா, ஜாஸ்தியா வந்தது எந்த எடத்துல?” என்றார் மச்சான்.

“மூணாவது வரி முடிஞ்சு, தம்புரா மட்டும் ஓடுதே, அங்க. நல்லாக் கேட்டுது. நீளமா, கொஞ்சம் உடைஞ்சாப்புல. இந்தத் தடவை அங்க ஒண்ணுமே இல்ல.”

சிவகாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். சிரிப்பு.

“அது அவ இல்லிங்க.”

“பின்ன?”

“நானு. வேர்வை தாங்காம பெருமூச்சு விட்டேன். வாயத் தொறந்துகூட விடல.”

மச்சான் மடக்கிய விரலை நீட்டாமல் அப்படியே நின்றார். அவர் அதைக் கேட்கவில்லை. ஸ்விட்ச் பக்கத்தில் நின்றவருக்கு அது எட்டவில்லை. நான் அதைப் பாட்டுக்கு நடுவிலிருந்து எடுத்து, எண்ணிக்கையில் சேர்த்திருக்கிறேன்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துத் திரும்பப் போட்டேன். மறுபடியும் கழற்றித் துடைத்தேன்.

“ஏண்டா சபா மரமாட்டம் நிக்குற? அந்த டாக்டருக்குப் போனப் போட்டு, நாளைக்கு வரலன்னு சொல்லு” என்றாள் சிவகாமி. கழுத்து வியர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டு, எனக்கு இன்னும் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“நீங்க மறுபடியும் போடுங்க. இந்தத் தடவை நான் மூச்சு விடாம இருக்கேன்.”